விழத் தெரிந்தவள்

மார்ச் 3

அன்புள்ள மின்னலுக்கு,

ராட்சசி எழுதிக்கொள்வது. நான் நலம். கழுத்தும் என்னோடுதான் இருக்கிறது, இடது பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது. உன் நலத்தைத்தான் தினமும் டிவியில் காட்டுகிறார்களே! இருந்தாலும் கேட்கிறேன். டிவியில் தெரிகிற நலம் வேறு, கடிதத்தில் வருகிற நலம் வேறு.

நீ ஜெயித்த செய்தி வந்தபோது ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், ஈரப் போர்வை மூட்டைக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கேன்டீன் அம்மா ஓடி வந்தாள். "ஏய் ராட்சசி! உன்னை மிதிச்சவ சபைக்குப் போறாடி!" என்றாள். எனக்கு வந்த சிரிப்பை மூட்டைக்குள்ளேயே சிரித்துவிட்டு, வெளியே வந்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். பழைய பழக்கம் போகவில்லை.

தேர்தல் முடிந்தும் உன் போஸ்டரை யாரும் கிழிக்கவில்லை. உன் வலது கால் என் முதுகில், என் முகம் தரையில். ஓட்டுக் கேட்டது நீ, ஊர் முழுக்க முகத்தைக் காட்டியது நான். கோபமில்லை. "அக்கா, அந்தப் படத்தைப் போட்டுக்கட்டுமா?" என்று நீ எழுதிக் கேட்ட கடிதம் பெட்டியில் இருக்கிறது. பதினான்கு வருஷம் ஒவ்வொரு மல்யுத்த ஆட்டத்துக்கும் முன்னால், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, எங்கே பிடிப்பது, எங்கே தூக்குவது, யார் எத்தனையாவது நிமிஷத்தில் விழுவது என்று கேட்டுக் கேட்டுத்தானே ஆடினோம். கேட்டுவிட்டாயென்றால் என்னை நீ மலையிலிருந்துகூடத் தள்ளலாம்.

கேன்டீன் அம்மா எனக்கு இன்னும் டீயை அரை டம்ளர்தான் ஊற்றுகிறாள். நான் உன் கண்ணில் சாக்பொடி தூவினேனாம். அந்தப் பொடியை என் இடுப்பில் முடிந்துவிட்டதே நீதான் என்று அவளிடம் சொல்ல முடியுமா? சண்டை பேசிவைத்தது என்று வெளியாளிடம் சொன்னால் தொழில் போச்சு என்பார் கம்பெனி முதலாளி. கம்பெனியும் போய்விட்டது, முதலாளியும் போய்விட்டார். நான் மட்டும் அரை டம்ளர் டீயோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனை. எனக்கு எதிர்முனையில் நிற்கிறவள் நல்ல பெண்தான், ஆனால் நான் தளர்த்தும்போது இழுக்கிறாள், இழுக்கும்போது விட்டுவிடுகிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு போர்வை. முந்நூறு தடவையும் உன்னை நினைத்துக்கொள்கிறேன். எப்போது வருவாய்?

உன்,
ராட்சசி


மார்ச் 19

என் அன்பு அக்காவுக்கு,

மின்னல் எழுதுவது. உன் கடிதத்தை இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். இங்கே ஆள் இல்லாத இடம் அது ஒன்றுதான். சிரித்த சத்தம் கேட்டு வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

உறுப்பினர் விடுதியில் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் நான், இன்னொன்றில் கோப்புகள். ஊர் ஊராக ஆடப் போனபோது நாம் தங்கிய அறைகளிலும் இரண்டு கட்டில்தான். விளக்கை அணைத்த பிறகும் நீ வாயை மூட மாட்டாய். கோப்புகள் ரொம்ப ஒழுக்கமாகத் தூங்குகின்றன, அக்கா.

சபையைப் பற்றிக் கேட்பாய், எனக்குத் தெரியும். நம் மல்யுத்தக் கோதா மாதிரியேதான். யார் ஜெயிப்பார்கள் என்று காலையிலேயே முடிவாகிவிடுகிறது. கேமராவைப் பார்த்து மேஜையைத் தட்டுவார்கள், நரம்பு புடைக்கக் கத்துவார்கள், வெளியே போய்ச் சேர்ந்து டீ குடிப்பார்கள். வித்தியாசம் என்னவென்றால் இங்கே ஒருத்தருக்கும் விழத் தெரியவில்லை. என் வேலை மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. "நீ பேச வேண்டாம்மா, சும்மா தெரிஞ்சாப் போதும்" என்கிறார் தலைவர்.

முதல் நாள் ஒரு கூத்து. தலைவர் கை கொடுத்தார். நான் பழக்கத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டேன். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "என்னம்மா?" என்றார். நம் பாஷை அவருக்கு எப்படித் தெரியும்? தூக்கிப் போட்டவுடன் கையை முறுக்குகிற சாக்கில் நீ இரண்டு தடவை அழுத்துவாயே, 'நல்லா இருக்கியா?' என்று. நான் ஒரு தடவை அழுத்துவேன், 'இருக்கேன்.' பதில் வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு இங்கே இருநூறு கை குலுக்குகிறேன், ஒரு கையும் என்னை எதுவும் கேட்பதில்லை.

ஒரே ஒருவர் பரவாயில்லை. எதிர்க்கட்சியில் ஒரு கணக்கு வாத்தியார். எலும்பும் தோலுமாக இருப்பார், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருப்பார். நான் எழுதிக் கொடுத்த முதல் கேள்வியில் ஆஸ்பத்திரிப் படுக்கைக் கணக்கைத் தப்பாகக் கூட்டியிருந்தேன். வராந்தாவில் என்னை நிறுத்தி, யாருக்கும் கேட்காமல், "இந்த இடத்துல ஒரு சைபர் விட்டுட்டீங்கம்மா" என்று திருத்திவிட்டு ஒரு மிட்டாயும் கொடுத்தார். எதிரி என்று பெயர், என்ன செய்வது?

ஏப்ரல் 12 நம் கடைசி ஆட்டம் நடந்த நாள். நான்கு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமை. கட்டாயம் வருகிறேன். குளியலறையில் இனியாவது பார்த்து நட. பதினான்கு வருஷம் கோதாவில் அடிபடாத கழுத்தைக் குளியலறையில் போய் உடைத்துக்கொண்டாயே!

பாசத்துடன்,
மின்னல்


ஏப்ரல் 14

மின்னலுக்கு,

நீ வரவில்லை. ஏதோ வேலை இருந்திருக்கும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதைச் சொல்லி இரண்டு பக்கம் எழுதுவாய்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு போட்டேன். புதிதாக ஒரு தலையணை வாங்கினேன். உனக்குத் தலையணை சப்பையாக இருக்க வேண்டுமே, கடைக்காரனுக்கு முன்னால் பத்துத் தலையணை மேல் தலை வைத்துப் பார்த்தேன். கேட்டானே ஒரு கேள்வி, "அக்கா, வாங்கப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?" என்று. வீட்டுக்காரம்மா நீ உட்காரப் போகிற நாற்காலியை மூன்று தடவை துடைத்தாள். என்னைப் பார்த்து, "அவங்க வரும்போது நீ கொஞ்சம் தள்ளியே நில்லு, பழசை மனசுல வெச்சிட்டு ஏதும் பண்ணிடாதே" என்றாள்.

கடைசிப் பஸ் போகிறவரை நிறுத்தத்தில் நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸும் இடது பக்கத்திலிருந்துதான் வரும். கழுத்து திரும்பாது, அதனால் ஒவ்வொரு தடவையும் உடம்போடு திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், மின்னல். தலையணைக்கு உறை போடவில்லை. நீ வந்த பிறகு போடுகிறேன்.

ராட்சசி


மே 6

அக்காவுக்கு,

செய்தியில் பார்த்திருப்பாய். பயப்படாதே. முதுகில் லேசான வலிதான். ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். அறை முழுக்கப் பூங்கொத்து. வாசலில் நம் கட்சிக்காரர்கள் கோஷம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தூங்கக்கூட முடியவில்லை.

ஏப்ரலில் வர முடியாமல் போனதற்குத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நர்ஸ் வந்துவிட்டாள். பிறகு எழுதுகிறேன்.

மின்னல்


மே 9

மின்னலுக்கு,

பார்த்தேன். கேன்டீன் டிவியில் பன்னிரண்டு தடவை காட்டினார்கள், பன்னிரண்டு தடவையும் பார்த்தேன். வாத்தியார் ஒரு காகிதக் கட்டை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு உன் பக்கம் வருகிறார். கட்டின் நுனி உன் தோள் அருகே போகிறது. நீ மல்லாக்க விழுகிறாய். சபை ரெண்டுபடுகிறது. கட்டு பட்டதா, கை பட்டதா என்று சலவைக்கூடத்தில் இரண்டு கட்சி. "மின்னலையே சாய்ச்சிட்டானே அந்தக் கிழவன்!" என்று கேன்டீன் அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

நான் அவர் கையைப் பார்க்கவில்லை. உன் தாடையைப் பார்த்தேன். விழுவதற்கு முன்னால் தாடை நெஞ்சோடு ஒட்டிவிட்டது. தள்ளப்பட்டவள் தாடையை ஒட்டிக்கொண்டா விழுவாள்? தள்ளப்பட்டவள் கையை ஊன்றப் பார்ப்பாள். நீ ஊன்றவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் தரையை அறைந்தாய். முதுகு முழுவதும் ஒரே சத்தத்தில் இறங்கியது. அவ்வளவு அழகான விழுகையை நான்கு வருஷமாக நான் பார்க்கவில்லை. ஒரு கணம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கை தட்டத் தோன்றியது. உன்னை அவ்வளவு தேடியது மனசு.

பிறகுதான் உறைத்தது. அவர் உன்னைத் தொடவே இல்லை, இல்லையா?

நேற்று அவர் வீட்டைக் காட்டினார்கள். சுவரில் கரியால் 'பெண்ணை அடித்தவன்' என்று எழுதியிருக்கிறது. அவர் மனைவி ஒரு வாளியும் துணியும் வைத்துக்கொண்டு துடைக்கிறாள். துடைக்கத் துடைக்கக் கரி பரவுகிறது. அவரைச் சபையைவிட்டே நீக்கப் போகிறார்களாம், போலீஸ் வழக்கும் உண்டாம்.

பதினான்கு வருஷம் நான் கெட்டவளாக இருந்தேன். என் மேல் தக்காளி எறிந்தார்கள், செருப்பு எறிந்தார்கள். எனக்கு வலிக்கவில்லை. ஏன் தெரியுமா? என்னைக் கேட்டுவிட்டுத்தான் கெட்டவளாக்கினார்கள். நானும் தலையாட்டினேன். அந்த வாத்தியாரை யார் கேட்டார்கள்?

உடனே எழுது.

ராட்சசி


மே 17

அக்கா,

உன்னிடம் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். போன கடிதத்தில் எழுத வரவில்லை.

அவர் தொடவில்லை. அந்தக் காகிதம்கூடப் படவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைக் கணக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார், பாவம், என் கேள்விக்கு ஆதரவாகத்தான். எங்கள் பக்கத்தில் கூச்சல் போட்டதும் அவருக்கும் ஆவேசம் வந்துவிட்டது. எழுந்து என் பக்கம் வந்தார். எல்லாப் பக்கமும் இரைச்சல், மேலே விளக்கு, எதிரே ஒரு கை உயர்கிறது. என் உடம்பு தன் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது, அக்கா. என்னைக் கேட்காமலே விழுந்துவிட்டது.

விழுந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஏன் உடனே எழுந்திருக்கவில்லை என்று கேட்பாய். யாராவது கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்துவார்கள் என்று காத்துக்கொண்டு கிடந்தேன். சத்தியமாக. நீதான் பக்கத்தில் இருக்கிறாய் என்பது போல. அழுத்தியிருந்தால் எழுந்திருப்பேன். ஒருவரும் அழுத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தலைவர் குனிந்து காதில், "நல்ல நேரத்துல விழுந்தேம்மா" என்றார்.

அதற்குப் பிறகு எழுந்திருக்க இடமே இல்லை. ஒவ்வொரு நாளும் பொய் என் கையை விட்டுப் பெரிதாகிக்கொண்டு போகிறது. வாத்தியார் கொடுத்த மிட்டாயின் காகிதம் இன்னும் என் பையில் கிடக்கிறது.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், யோசித்துப் பார். 'சும்மா எப்படி விழுந்தே?' என்பார்கள். 'அது என் தொழில்' என்று சொல்ல வேண்டும். அப்படியானால் மற்ற சண்டையெல்லாம்? உன் பதினான்கு வருஷமும் சேர்ந்து போகும். கோதாவில் முதல் நாள், வெளியாளிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினவளே நீதானே. இங்கேயும் நான் இருக்க முடியாது. விழுந்து அடிபடுகிறவர்களுக்கு என்று ஒரு தனி வைத்தியப் பிரிவு கேட்டு மனு போட்டிருக்கிறேன். உன் கழுத்தை நினைத்துத்தான் போட்டேன். அதுவும் போகும்.

தலைவர் ஒன்று கேட்கச் சொல்கிறார். உன்னிடம் பத்திரிகைக்காரர் வருவார். "பதினாலு வருஷம் நான் படாத பாடு பட்டும் அசையாதவ, சும்மாவா விழுவா?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். ராட்சசியே சொல்லிவிட்டால் ஊர் நம்பிவிடும். எனக்காகச் சொல்வாயா, அக்கா? கடைசியாக ஒரு தடவை எனக்காக விழு.

மின்னல்


மே 21

என் கண்ணு மின்னல்,

நீ விழச் சொல்லி நான் விழாத நாள் கிடையாது. இந்த ஒரு தடவை முடியாது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது என்று நான்கு வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தேன். இரண்டு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நான் குளியலறையில் விழவில்லை.

நம் கடைசி ஆட்டத்தில் நீ என்னைத் தலைக்கு மேல் தூக்கினாயே, அப்போது என் வியர்வையில் உன் பிடி ஒரு விரல்கடை வழுக்கியது. அது யார் தப்பும் இல்லை. நான் கழுத்தில் இறங்கினேன். இடது கை இருக்கிற இடமே தெரியவில்லை. நீ ஓடி வந்து வலது கையை முறுக்குகிற மாதிரி பிடித்து இரண்டு தடவை அழுத்தினாய். நான் ஒரு தடவை அழுத்தினேன். 'இருக்கேன்.' பொய்யாக அழுத்தினேன், மின்னல். நான் பதில் தராமல் இருந்தால் நீ ஆட்டத்தை நிறுத்தியிருப்பாய். பட்டம் வெல்கிற நாள் உனக்கு. அரங்கமே எழுந்து நின்று உன் பெயரைக் கத்துகிறது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நீ என் பதிலை நம்பிக் கயிற்றின் மேல் ஏறிக் குதித்தாய். மிச்சம் இருந்த கழுத்தும் அதில் போனது.

குதித்தது உன் தப்பில்லை. கேட்டுவிட்டுத்தான் குதித்தாய். தப்பான பதில் சொன்னது நான். பதினான்கு வருஷம் தெரிந்து விழுந்தவள் அன்று ராத்திரி சோப்பில் வழுக்கி விழுந்தாள் என்றேன், அதையும் நம்பினாய், அசடு. இதை எழுதி உன்னை அழவைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அன்பில் சொன்ன ஒரு பொய் என் கழுத்தோடு நின்றது. நீ சொல்லிக்கொண்டிருக்கிற பொய் ஒன்றும் அறியாத ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. அதைத் துடைக்கிறவள் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சத்தியத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும், முன்வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்காருவாளே. சாகிறவரை என்னைத் தோற்றவள் என்றே நினைத்தாள். "ஒரு நாளாவது ஜெயிச்சிட்டு வாடி" என்று கடைசியில்கூடச் சொன்னாள். அவளிடமே நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கட்டிக்காத்த சத்தியம் அது. அதை வாங்கினவள் நான், திருப்பிக் கொடுக்கிறவளும் நான். சொல்லிவிடு. எல்லாம் பேசிவைத்து ஆடியது என்று சொல். என் பதினான்கு வருஷமும் போனால் போகட்டும். உன் உடம்பு உன்னைக் கேட்காமல் விழுந்தது என்றாயே, எழுந்திருப்பதையாவது உன்னைக் கேட்டுச் செய்யட்டும்.

நீ அங்கே கிடக்கும்போது யாரும் அழுத்தவில்லை என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் போர்வையை மடிக்காமல் நின்றிருந்தேன். இந்தக் கடிதம்தான் என் இரண்டு அழுத்து. நல்லா இருக்கியா, மின்னல்? ஒன்றும் எழுதாத தபால் அட்டையாக இருந்தாலும் போதும், ஒரு தடவை அழுத்து.

உன்,
ராட்சசி


ஜூன் 11

மின்னலுக்கு,

தபால் அட்டை வரவில்லை. டைப் அடித்த கடிதம் ஒன்று வந்தது. "மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உறுப்பினர் அவர்கள் பணிச்சுமை காரணமாக…" அதற்கு மேல் படிக்கவில்லை. உன் செயலாளர் என்னை அம்மையார் ஆக்கிவிட்டார். ராட்சசியாக இருந்தபோது மரியாதை இதைவிட அதிகம்.

பத்திரிகைக்காரர் வந்தார். "மின்னல் சும்மா விழுவாரா?" என்று கேட்டார். "எனக்குக் கழுத்து சரியில்லைங்க. ஆமான்னும் ஆட்ட முடியாது, இல்லைன்னும் ஆட்ட முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பதில் வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், அதுதானே விதி? போன வாரம் எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து உன் விடுதிக்கு வந்தேன். வாசல் காவல்காரர் என்னைப் பார்த்ததும் தடியைக் குறுக்கே போட்டார். "அம்மாவை நீ கடிச்சதை என் கண்ணால பார்த்திருக்கேன். உள்ளே விட்டா என் வேலை போயிடும்" என்றார். காதைக் கடிக்கிற சாக்கில் உன் காதில் நான் ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. சத்தியத்தை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், என் வாய்க்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மூன்றாவது மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். திரை மூடியிருந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வாத்தியாரை நீக்க இருபத்து நான்காம் தேதி ஓட்டெடுப்பு என்றார்கள். என் கழுத்து விஷயத்தை எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. அதுதான் உன் வாயை அடைத்துவிட்டதோ? கோபம் என்றால் கோபம் என்று எழுது. அழுகை என்றால் அழு. பேசாமல் மட்டும் இருக்காதே, என்னால் தாங்க முடியவில்லை.

ராட்சசி


ஜூன் 25

என் மின்னலுக்கு,

உன் பதில் கிடைத்தது.

நேற்றுப் பதினொரு மணி டீக்கு கேன்டீனில் நின்றிருந்தேன். ஓட்டெடுப்பை நேரடியாகக் காட்டினார்கள். வாத்தியார் தலைகுனிந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். நீ எழுந்தாய். உன் தலைவர் உன் கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. "அவர் என்னைத் தொடலை. நானாத்தான் விழுந்தேன்" என்றாய். ஒரே கூச்சல். "உறுப்பினர் மனம் கலங்கியிருக்கிறார், அமருங்கள்" என்றார் சபாநாயகர். உன் ஆட்களே உன்னை மிரட்டிவிட்டார்கள் என்று கத்தினார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

நீ செருப்பைக் கழற்றினாய் பார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நடுப் பாதைக்கு வந்து, பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று எல்லாருக்கும் கையை விரித்துக் காட்டிவிட்டு, விழுந்தாய். தாடை ஒட்டியது, உள்ளங்கை அறைந்தது, அதே சத்தம். எழுந்தாய். "இது எங்க தொழில். அவர் பாவம்" என்றாய். மறுபடி விழுந்தாய். மூச்சு வாங்க எழுந்து, "என் பதினாலு வருஷ வெற்றியும் எங்க அக்கா எனக்காக விழுந்தது. அவங்க என்கிட்ட ஒரு தடவைகூடத் தோத்ததில்லை" என்றாய். மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனாலும் அதற்குள் எங்களுக்குக் கேட்டுவிட்டது.

மூன்றாவது தடவை விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. கேமரா பக்கத்தில் வந்தது. உன் வலது கை தரையில் விரிந்து கிடந்தது. அது மெதுவாக மூடியது. ஒரே ஒரு தடவை. பிறகு திறந்தது.

சலவைக்கூடம் முழுவதும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கேன்டீன் அம்மா என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நீ தூவின பொடி?" என்றாள். "அவதான் முடிஞ்சு விட்டா" என்றேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வெளியாளிடம் சொல்கிறேன். அவள் என் டம்ளரை எடுத்துப் போய், விளிம்பு தளும்பத் தளும்ப டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா இருந்து நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

உன்னைக் கட்சியைவிட்டு நீக்கிவிட்டதாக மாலைச் செய்தியில் சொன்னார்கள். பதவியும் போகுமாம். உன் போஸ்டர்களை இன்று காலையிலிருந்து கிழிக்கிறார்கள், என் முகமும் சேர்ந்து கிழிகிறது. வாத்தியார் தன் வீட்டு வாசலில் நின்று ஏதோ பேசினார், எனக்குக் காதில் ஏறவில்லை. பின்னால் சுவர் புதிதாக வெள்ளையடித்திருந்தது, அதை மட்டும் பார்த்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ ஒரு தடவை அழுத்தினாய். 'இருக்கேன்' என்றாய். நானும் ஒரு நாள் அப்படித்தான் அழுத்தினேன், அரங்கம் முழுக்கப் பார்க்க, கழுத்து உடைந்து கிடந்தபோது. அதனால் உன் பதிலை நான் நம்பவில்லை, மின்னல். நேரில் பார்த்துத்தான் நம்புவேன்.

தலையணைக்கு உறை போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலிருந்து நிறுத்தத்தில் நிற்பேன். வந்துவிடு.

உன்,
அக்கா